மாலையில் நிரப்பிய சிலிண்டர்கள்

சைக்கிள் பம்பை வேகமாக அடித்ததும் அதன் அடிப்பக்கத்தை என்றாவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். சட்டென்று நெருக்கப்பட்ட காற்று, சூட்டை வெளியே விட நேரமில்லாமல் தானே சூடாகிறது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று பாடப்புத்தகம் இதற்குப் பெயர் வைத்து, பரீட்சையில் ஐந்து மதிப்பெண் தருகிறது. அந்த ஐந்து மதிப்பெண்ணை மறந்துவிட்டவர்கள் ஒரு பெண்ணைக் கைராசி இல்லாதவள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரில் இறங்கிக் கப்பல்களின் அடியைச் சுரண்டும் டைவர்களுக்குச் சிலிண்டரில் காற்று நிரப்புவது அவர் வேலை. கணவர் இறந்தபின் கிடைத்தது. பகலில் வேறொருவர் நிரப்புவார், மாலையில் இவர். முதலாளியின் கட்டளை இருவருக்கும் ஒன்றுதான்: வேகமாக அடி, அழுத்த மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் மூடு.

பகல்காரர் நிரப்பியதைச் சூட்டோடு வாங்கி, முள்ளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் நிரப்பியவை இரவெல்லாம் கிடந்து ஆறும். ஆறினால் அழுத்தம் குறையும். காலையில் முள் கோட்டுக்குக் கீழே நிற்கும்.

"அக்கா தொட்டா காத்துக்கே பயம்" என்றார்கள். முதலில் கேலிதான். பிறகு அவருடைய சிலிண்டரை யாரும் தொடவில்லை. டைவராக இருக்கும் கொழுந்தனும், "தப்பா நினைக்காதீங்க அண்ணி, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று பகல் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டான். அதன்பின் வீட்டுப்பக்கமும் வரவில்லை. டீக்காரர்கூட டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்கிறார். கம்ப்ரசரை நிறுத்தியதும் வரும் அமைதிதான் வீடுவரை அவருக்குத் துணை.

ஒரு மாலை, பகல்காரர் நிரப்பிய சிலிண்டர் ஒன்று மிஞ்சியது. அதை இவர் தனியே எடுத்து வைத்தார். காலையில் அதன் முள்ளும் இறங்கியிருந்தது. முதலாளியை அழைத்துக் காட்டினார்.

"அவர் அடிச்சதும் குறைஞ்சிருக்கு பாருங்க சார்."

"ராத்திரி நீ தொட்டிருப்ப."

"தொடாம எப்படிங்க எடுத்து வைக்கிறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இந்த மாதத்தோடு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற கொழுந்தனை அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

டைவர்களே, நீங்கள் நம்பி வாங்கும் பகல் சிலிண்டரும் தண்ணீருக்குள் ஆறத்தான் போகிறது. முள் காட்டியதைவிடக் குறைந்த காற்றோடுதான் நீங்கள் இறங்குகிறீர்கள். நாளை அதில் ஒன்றை, அந்தப் பெண்ணின் கை படாமல், உங்கள் வீட்டில் இரவு வைத்திருங்கள். காலையில் முள்ளைப் பார்த்துவிட்டு முதலாளியின் மேசைமேல் கொண்டுபோய் வையுங்கள். மாதம் முடிவதற்குள் செய்யுங்கள்.