பூனாகலையில் கெமரா பூட்டிய நாள்

கெமரா நுணுக்குக்காட்டியின் குழாய்க்குள் நிற்காமல் ஆடியது. பெற்றோர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, நிக்குமா அது?" என்றார் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. உயர்தர உயிரியல் வகுப்பு அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. பிள்ளைகளை அங்கேயே விடுவதா, பண்டாரவளைக்கு மாற்றுவதா என்று பெற்றோர் அன்று முடிவெடுக்க இருந்தார்கள். நாலைந்து பேர் போனாலே வகுப்பை மூடிவிடுவார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாத பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்றுவிடும். அந்த வகுப்பை எடுக்கும் ரஞ்சனி டீச்சர் இதைச் சொல்லி, பெற்றோர் முன்னாலேயே பாடம் நடத்திக் காட்டத்தான் பதுளையில் எங்கள் கடைக்கு ஃபோன் செய்திருந்தார். நுணுக்குக்காட்டிக்குக் கெமரா பூட்டி, அதில் தெரிவதைத் திரையில் வரவைப்பது என் வேலை.

எப்போதும் ஒரே வரிசையில் செய்வேன்: கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றுவது, குழாயின் வாயை அளப்பது, வளையம் போடுவது, கெமராவை இறக்குவது, திரையைப் பார்த்து மறுபடி ஃபோகஸ் செய்வது. அங்கே இருந்தது பழைய மாடல், வாய் அகலம். இரண்டு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டதும் ஆட்டம் நின்றது.

அதுவரை அங்கே வழக்கம் வேறு. பிள்ளைகள் வரிசையாக வந்து குனிவார்கள். டீச்சர் "தெரியுதா?" என்பார். "தெரியுது டீச்சர்" என்று சொல்லி நகர்வார்கள். பிறகு அழகாகப் படம் வரைந்து கொடுப்பார்கள்.

அன்று கௌசல்யா என்ற மாணவி உயிர்க்கலங்களைக் காட்ட வெங்காயத்தின் மெல்லிய உரியை வைத்து ஃபோகஸ் செய்தாள். கறுப்பு விளிம்போடு ஒரு பெரிய வட்டம் திரையில் வந்தது. டீச்சர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன தெரியுது?"

"கலம் டீச்சர்!" முழு வகுப்பும் கத்தியது.

அது காற்றுக் குமிழி. எனக்கும் டீச்சருக்கும் மட்டுமே தெரியும். டீச்சர் தலையாட்டியிருந்தால் பெற்றோர் சந்தோஷமாகப் போயிருப்பார்கள்.

"இல்ல, இது காத்துக் குமிழி," என்றார் டீச்சர். "நெசமாவே கலத்தப் பாத்தவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அப்ப அந்தப் படமெல்லாம்?"

"புக்கப் பாத்து வரைஞ்சோம் டீச்சர்," என்றாள் கௌசல்யா. "தெரியலன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

முன்வரிசை அம்மா அவளுடைய அம்மாதான். "வீட்டுலயும் இவ இப்படித்தாங்க. உப்புப் போட்டியான்னா, சட்டியப் பாக்காமலே 'போட்டேம்மா'ம்பா."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் பெற்றோர் பக்கம் திரும்பினார். "நானும் சரியாக் கேக்காம விட்டுட்டேங்க. தப்பு என்னோடது. இப்ப எல்லாரும் சேந்தே பாப்போம்."

அவர் ஸ்லைடை மெல்ல நகர்த்த, நான் ஃபோகஸைத் திருப்பினேன். மஞ்சள் நிறத்தில் நீள நீளக் கட்டங்கள் வந்து நின்றன, கட்டத்துக்கு ஒரு புள்ளியோடு.

கௌசல்யாவின் அம்மா எழுந்து திரைக்கே போய்விட்டார். "அட, நம்ம லயத்துக் காம்பரா மாதிரி வரிசையா இருக்கே! ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு வேற!" தோட்டத்து லயங்களில் ஒற்றை அறை வீடுகள் அப்படித்தான் ஒட்டி ஒட்டி இருக்கும்.

"அந்த ஆளுக்குப் பேரு 'கரு'ங்க," என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியல டீச்சர், எந்தப் புள்ளி?" என்றான் பின்வரிசையில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

"பண்டாரவளையெல்லாம் வேணாங்க," என்றார் அந்த அம்மா. "எம் மவளுக்கு இந்த மாதிரி புடிச்சுக் கேக்கிற டீச்சருதான் சரி."

வகுப்பு இன்றும் நடக்கிறது. என் வேலை வரிசையில் அன்றிலிருந்து கடைசியாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கெமராவைப் பூட்டிக் கொடுத்ததும் "தெரியுதா?" என்று நான் கேட்பதில்லை. "என்ன தெரியுது?" என்றுதான் கேட்கிறேன்.