அம்பாளிடம் அடைக்கலம் போன சைக்கிள்

ஆட்கள் சொல்லுகிறவற்றைக் காதில் போட்டு வைத்திருப்பது என் பழக்கம். டென்மார்க்கின் ஒடென்சேயில் நான் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து காதில் விழுந்ததைச் சேர்த்தால் ஒரு கூடை நிறையும். பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுத் தம்பி, கம்பியூட்டர் வேலைக்காரர், "சூப்பர்க்கா நீங்க! ஆனா எங்க வீட்ல சொல்லிடாதீங்க, என்னையும் மிதிக்கச் சொல்லிடுவா" என்பார். அது இனிப்பு. உறைப்பு என்றால் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, சொன்னதுதான்:

"கோயிலிலை கேக்கினம், உங்கடை தம்பியாக்கள் காரை வித்துப்போட்டினமோ எண்டு."

கார் விற்கவில்லை. வாசலிலேயே நிற்கிறது, கழுவித் துடைத்து. என் கணவர் அதைத் துடைக்கிற பதத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி இருக்கும். வீட்டு வாசலில் அப்படி ஒரு கார் நிற்க, வீட்டுக்காரி ஹெல்மெட்டும் மழைச்சட்டையுமாக மிதித்துக்கொண்டு போவது எங்கள் ஆட்களுக்கு ஒரு குறை. ஏதோ வீட்டுக்குள் சண்டை, அல்லது நொடித்துப் போனார்கள் என்றுதான் நினைப்பார்கள். விருப்பத்தில் மிதிக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றாது.

நான் வேலை செய்வது நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். காலை வேலை. ஒக்டோபரில் நான் வெளிக்கிடும் நேரம் வானம் தார் மாதிரிக் கிடக்கும். ஹெல்மெட்டைத் தலையில் வைத்தால் அது கொண்டையில் ஏறி நின்றுகொண்டு கீழே இறங்காது. கொண்டையை அவிழ்த்து, பின்னி, சட்டைக்குள் விட வேண்டும். ஒட்டுப் பொட்டு எப்படியும் இடம் மாறிவிடும். வேலையிடத்துக் கண்ணாடியில் பார்த்தால் ஒருநாள் புருவத்தில் நிற்கும், ஒருநாள் காதடியில். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. அது எப்படி என்று இந்த நாட்டில் ஒருவரிடமும் விளக்கம் இல்லை. மூக்கு ஒழுகும், துடைக்கக் கை இருக்காது.

ஆனால் பாருங்கோ, அந்த அரை மணித்தியாலம் என்னுடையது. வீட்டில் "சாவி எங்கை", "என்ரை சொக்ஸ் எங்கை". வேலையிடத்தில் ஓர் அறையில் மணி அடித்து ஓய, அடுத்த அறையில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒருவரும் என்னைக் கூப்பிட முடியாத ஓர் இடம் உண்டென்றால் அது அந்தச் சைக்கிள் சீற்றுத்தான். சத்தமாகப் பாடுவேன். முதல் நாள் மச்சாளுக்குச் சொல்லாமல் விழுங்கினதை எல்லாம் காற்றுக்குச் சொல்லுவேன். காற்று எதிர்த்துக் கதைக்கும். கதைக்கட்டுமே.

அந்த இலையுதிர்காலம் நான் விழுந்தேன். பூங்காப் பக்கம் திரும்புகிற முடக்கில் நனைந்த இலைகள், கழுவாத கோப்பையில் ஒட்டின சோறு மாதிரிப் படிந்து கிடந்தன. அதில் பிரேக் பிடித்தேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பின்னால், சைக்கிளின் முன் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டேனிஷ்காரர் இறங்கி, என்னைத் தூக்கிவிட்டு, ஹாண்டிலையும் நேராக்கித் தந்தார். "இலையில் பிரேக் பிடிக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னார். இனிமேல் சைக்கிளே ஓடாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது.

"இஞ்சரும், இதோடை காணும்," என்றார் கணவர், என் வீங்கின மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. "அங்கை ஊரிலை மிதிச்சது போதாதே? இவ்வளவு தூரம் வந்தும் மிதிக்கவோ? நாளையிலை இருந்து நான் கொண்டுபோய் விடுறன்."

"அங்கை மிதிச்சது வேறை வழியில்லாமல். இஞ்சை மிதிக்கிறது வாசலிலை கார் நிக்க, விருப்பத்திலை மிதிக்கிறது. ரெண்டும் ஒண்டில்லை."

"கதை வடிவாத்தான் இருக்கு. கைதான் வீங்கிக் கிடக்கு."

கை ஆறும் வரைக்கும் அவருடைய காரில் போனேன். குறை சொல்லக்கூடாது. அவருக்குத் தொழிற்சாலையில் வேலை, நான் வேலை முடிந்து வந்த பிறகுதான் தொடங்கி நடுச்சாமம் வரைக்கும். என்னைக் கொண்டுபோய் விடுவதற்காகவே நித்திரையை முறித்து எழும்புவார். சீற்றுச் சூடாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு புத்திமதி. குசினி லைற்றை ஏன் அணைக்கவில்லை, மச்சாள் எடுத்த போனை ஏன் எடுக்கவில்லை, மகள் ஏன் டேனிஷிலேயே பதில் சொல்லுகிறாள். இறங்கும்போது, "பின்னேரம் எத்தினை மணிக்கு வர?" என்பார். வேலை தொடங்க முதலே எனக்கு வேலை செய்து களைத்த மாதிரி இருக்கும். இல்லத்தில், மகன் பார்க்க வராத ஒரு கிழவியின் கோபத்தைக்கூட நான் சிரித்துக்கொண்டு வாங்குகிறவள். அந்த நாட்களில் அவவோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் பொறுமை இல்லை. அப்போதுதான் விளங்கியது, சைக்கிளில் நான் வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கவில்லை என்று.

கை ஆறியது. "கிழமை முடிய இனி நான் சைக்கிள்," என்றேன். அவர் ஒரு புத்திமதியும் இல்லாமல் கார் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கிழமை ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் மகளின் புத்தகம், கணவரின் ஆயுதப் பெட்டி, என் மரக்கறிக் கத்தி, எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் ஏறும். வெளியில் காருக்கு மாலை விழும். என் சைக்கிளை மட்டும் இத்தனை வருடமும் ஒருவரும் கணக்கெடுத்ததில்லை. அது பின்பக்கக் கொட்டிலில் தன் பாட்டில் நிற்கும். அன்று வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், சாமியறையில் என் சைக்கிள்! பழைய படுக்கைவிரிப்பின் மேல், கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹாண்டிலில் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டு.

"நீங்களோ செய்தது?"

"வேறை ஆர்?" என்றார், மறுபக்கம் பார்த்துக்கொண்டு.

மனுசன் மனம் மாறிவிட்டார் என்று நான் உருகிப்போனேன். ஹாண்டிலுக்கும் விளக்குக்கும் மணிக்கும் சந்தனத்தை அப்பி, அதற்கு மேல் குங்குமத்தைத் தாராளமாக வைத்தேன். அன்றைக்கு லீவு எடுத்திருந்த கணவர் மத்தியானமே காரில் போய்க் கூட்டிவந்த மச்சாள், அவலும் கடலையும் செய்திருந்தா. கற்பூரம் காட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "நாளைக்கு மானம்பூ, விசயதசமி. வேலைக்குச் சைக்கிளிலை போய் நல்ல நாளிலை திரும்பத் தொடங்கிறன்."

கணவர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் அவலைப் பார்த்தா.

"அது வந்து... அம்பாளிட்டை அடைக்கலம் குடுத்த சாமான்," என்றார். "உந்த மழையும் பனியும் போகட்டும். வசந்தத்திலை எடுப்பம்."

"பூசைக்கு வைச்சதை விசயதசமியண்டு எடுக்கிறதுதானே வழமை?"

"அது வேறை, இது வேறை," என்று மச்சாள் குறுக்கே வந்தா. அவவும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவா. "இது ஒரு நேத்திக்கடன் மாதிரி, மச்சாள். உம்மடை கை காலுக்காகத்தான்."

அப்போதுதான் எனக்கு வெளித்தது. மாலையும் எண்ணெயும் அன்பில்லை, பூட்டு. அக்காவும் தம்பியும் போனில் கதைத்துப் போட்ட பூட்டு. என்னை நன்றாகத் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள்: மனுசர் சொல்லி நிற்காதவள் சாமி என்றால் நிற்பாள் என்று.

"அப்ப கத்தி?" என்று கேட்டேன். "கத்தியும் அம்பாளிட்டைத்தானே கிடக்கு. வசந்தம் வரைக்கும் மரக்கறியைப் பல்லாலை கடிச்சுக் கறி வைக்கிறன்."

மகள் சிரித்தாள். "இதற்குப் பதில் இல்லை, அப்பா," என்றாள் டேனிஷில்.

"கத்தியிலை ஏறிப்போய் ஒருத்தரும் விழுறேல்லை," என்றார் கணவர்.

"கார்? தேசிக்காயைச் சில்லுக்குக் கீழை வைச்சு நசிச்சு, மாலையும் போட்டு, அடுத்த நிமிசமே மச்சாளைக் கூட்டிவரப் போச்சுது. அது அடைக்கலம் இல்லையோ?"

"அது கார்."

வேறு விளக்கம் இல்லை. அது கார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்தார்கள். என் மௌனத்தை எங்கள் வீட்டில் எப்போதும் பிழையாகத்தான் வாசிப்பார்கள்.

காலையில் எல்லாம் முறைப்படியே செய்தேன். குளித்து, விளக்கேற்றி, "அம்மா, நீ வைச்சிருந்தது காணும், இனி என்னட்டைத் தா" என்று கேட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். அவ மறுக்கவில்லை. குசினியில் மிஞ்சிக் கிடந்த தேசிக்காய்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. முன் சில்லுக்குக் கீழ் ஒன்றை வைத்து, ஏறி மிதித்தேன்.

தேசிக்காய் நசியவில்லை. சில்லு அதில் ஒரு துள்ளுத் துள்ளியது, தேசிக்காய் வழுக்கி உருண்டு ஓடியது. காரின் பாரம் எங்கே, சைக்கிளின் பாரம் எங்கே! திரும்ப வைத்தேன், திரும்பவும் ஓடியது. இந்த முறை நடைபாதையால் நாயோடு வந்த ஒரு டேனிஷ்காரரின் சப்பாத்தடிக்கே போய்விட்டது. அவர் குனிந்து எடுத்து, என்னையும் செவ்வந்தி மாலை போட்ட சைக்கிளையும் பார்த்து, "இது உங்களுடையதா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுத் தந்துவிட்டுப் போனார்.

சத்தத்துக்குக் கதவு திறந்தது. சாரமும் குளிர்ச்சட்டையுமாகக் கணவர்.

"இஞ்சரும்! என்ன செய்யிறீர்?"

"உங்கடை கார் செய்ததைத்தான்."

"மழை பெய்யுது. இலை முழுக்க ஈரம். விடும், நான் கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம்."

திரும்பவும் தேசிக்காயை முன் சில்லுக்குக் கீழ் வைத்தேன். மேல்மாடி யன்னல் திறந்தது. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய மச்சாளின் தலை தெரிந்தது. வசவு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"மச்சாள், பின் சில்லுக்கு வையும்! பாரம் பின்னுக்கெல்லோ!"

"அக்கா!" என்றார் கணவர், காட்டிக்கொடுக்கப்பட்டவர் மாதிரி மேலே பார்த்து.

"என்னடா? தொடங்கினது தொடங்கியாச்சு. நல்ல நாளும் அதுவுமாய் நசியாமல் போகக்கூடாது."

பின் சில்லுக்கு வைத்து, சீற்றில் முழுப் பாரத்தையும் போட்டு ஒரு மிதி மிதித்தேன். டப்பென்று நசிந்தது. தேசிக்காய் வாசம் மழையில் எழும்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் இளகும், என்னை எனக்குத் தெரியும்.

சந்தி தாண்டியதும் பின்னால் வெளிச்சம். ஆரென்று பார்க்கத் தேவையில்லை. அந்தக் காரின் இரைச்சல் எனக்குத் தெரியும். சைக்கிள் பாதையில் நான், தெருவில் என்னை முந்தாமல் அவர், ஊர்வலம் மாதிரி. நான் மெதுவாக ஓடினால் அவரும் மெதுவாக, நான் கெதியாக மிதித்தால் அவரும் கெதியாக. இப்படியே போய் நான் விழுந்த அந்த முடக்குக்கு வந்தோம். கார் வெளிச்சத்தில் இலைகள் அவ்வளவும் மினுங்கின. இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அவருடைய கண்ணுக்கு முன்னால் நான் அதில் இறங்கினால், அன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மழைக்கு அந்தச் சூடான சீற்றில்தான் இருப்பேன்.

இறங்கவில்லை. முடக்குக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்து, சைக்கிளைச் சரிக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இலைகளுக்கு மேலால் மெல்ல மெல்லத் திரும்பினேன். பின் சில்லு ஒருக்கால் நெளிந்தது. பிறகு இலையில்லாத தார் வந்துவிட்டது.

அதற்கு அங்கால் பாதை பூங்காவுக்குள் இறங்குகிறது. வாசலில் கார் போகாதபடி கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பங்களுக்கு நடுவால் நான் புகுந்தேன். பின்னால் வெளிச்சம் நின்றது. குங்குமம் அப்பிய மணியை நன்றாக அடித்தேன், ஒருமுறை இல்லை, பூங்காவில் நித்திரை கொண்ட தாராக்கள் எல்லாம் எழும்பும்படி. பிறகு பாடத் தொடங்கினேன்.

வேலையிடத்து வாசலில் கூட வேலை செய்கிற டேனிஷ்காரி என்னைக் கண்டு பதறிப்போனாள். குங்குமம் மழையில் கரைந்து என் கையுறை, கால்சட்டை எல்லாம் சிவப்பு.

"ஐயோ, திரும்பவும் விழுந்துவிட்டாயா?"

"இல்லை. சைக்கிளுக்குத் திருநாள்," என்றேன்.

அவள் செவ்வந்தி மாலையைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "அப்படியென்றால் அதை மழையில் விடக்கூடாது" என்று கூரைக்குக் கீழ் தன் சைக்கிளைத் தள்ளி வைத்து இடம் எடுத்துத் தந்தாள். இதுவும் என் கூடையில் இருக்கிறது.

உடுப்பு மாற்றும்போது போன் அடித்தது.

"சேர்ந்திட்டீரோ?"

"ஓம், சேர்ந்திட்டன்."

"நான் சும்மா வெளிச்சம் காட்டத்தான் வந்தனான். அந்த முடக்கு இருட்டெல்லோ" என்றார்.

"வெளிச்சம் என்ரை சைக்கிளிலை இருக்கு."

"ம்." காருக்குள் துடைப்பான் ஆடுகிற சத்தம் கேட்டது. மனுசன் இன்னும் அந்தக் கம்பத்தடியிலேயே நிற்கிறார். "பின்னேரம் மழை கூடுமாம். எத்தினை மணிக்கு வர?"

"வரவேண்டாம்," என்றேன். "கத்தியை மட்டும் சாமியறையிலை இருந்து எடுத்து வையுங்கோ. நான் சைக்கிளிலை வந்து சமைக்கிறன்."