வலிக்குதுன்னு அவ சொன்னா, நான் ஜோக்கடிச்சேன்

கல்யாணமாயி ஆறு மாசம். நான் பக்கத்துல போனாலே என் பொண்டாட்டி ஒடம்பு கட்டையாட்டம் வெறச்சிக்கும். "வலிக்குதுங்க, கத்தியால கீர்றாப்புல இருக்குங்க"ன்னு அழுவா. என் மூஞ்சி புடிக்கலைன்னு நெனச்சேன். நியாயமான சந்தேகந்தான், அந்த மூஞ்சியத் தெனம் செரைக்கறவன் நான்.

வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். காரிமங்கலம் சந்தையில தக்காளி லோடு எறக்கிட்டு டீ குடிக்கறப்ப, "என்னடா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "எங்கடா, என்னைப் பாத்தா பேயைப் பாத்தாப்புல கத்தறா"ன்னு உட்டேன். எல்லாம் சிரிச்சானுங்க. நானுந்தான் சிரிச்சேன், நாயி.

அது எங்கம்மா காதுக்குப் போயிடுச்சி. அமாவாசையன்னிக்கு நான் பெங்களூரு லோடு போயிருந்தேன். மருமவளுக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு பூசாரிகிட்ட இழுத்துட்டுப் போயி, வேப்பங்கொழையால அடிக்க உட்டிருக்குது. வந்து பாத்தா தோள் பூரா வரி வரியா செவந்து கெடக்குது.

"வலின்னுதான சொன்னேன். பேயின்னா சொன்னேன்?"ன்னு கேட்டா.

தருமபுரியில ஒரு பொம்பள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா சொன்னாங்க: "நடிப்பில்லைங்க, நெஜமான வலி. நரம்புக்கும் மூளைக்கும் நடுவுல சேதி கொண்டு போற ரசாயனம் இருக்குது. அது தாறுமாறானா தொட்டதையே ஆபத்துன்னு மூளை எடுத்துக்கும். சதை தானா இறுகிக்கும். அவங்களே நெனச்சாலும் நிறுத்த முடியாது."

பள்ளிக்கூடம் போவாத மண்டை. ஆனா என் வண்டி ஹாரன் ஒருக்கா ஒயரு ஒரசி, யாரும் அமுக்காமயே அலறினது ஞாபகம் வந்துச்சி. அத டாக்டர்கிட்டச் சொல்லி, "அப்ப ஹாரனைப் போட்டு ஒதைச்சா நிக்காதுங்களா?"ன்னேன்.

"ஒதைச்சா இன்னும் மோசமாவும். மாத்திரை, பயிற்சி, கொஞ்ச நாளு. அதுவரைக்கும் நீங்க தொந்தரவு பண்ணக் கூடாது."

வூட்ல சொன்னா எங்கம்மா, "மூளையாம்! உனக்கே அது இல்ல. வர்ற அமாவாசைக்கு வேற பூசாரி. அப்பறமும் சரியாவலைன்னா அத்துவுட்டுட்டு வேற பொண்ணு பாக்கலாம்"ன்னுச்சி.

அந்த அமாவாசைக்கு லோடு போவல. வாசப்படிக்குக் குறுக்கால உக்காந்துக்கிட்டேன். எலுமிச்சம்பழப் பையோட எங்கம்மா, "எந்திரிடா"ன்னுச்சி.

"அவளக் கத்த வச்சது நான். டீக்கடையில பேயின்னு சொன்னதும் நான். கொழையால அடிக்கணும்னா என்னை இழுத்துட்டுப் போ."

பைய எறிஞ்சிட்டுத் திட்டிக்கிட்டே தோட்டத்துப் பக்கம் போயிடுச்சி. உள்ளேர்ந்து என் பொண்டாட்டி சொம்புல தண்ணியோட வந்தா. எனக்குன்னு நெனச்சி கைய நீட்டினேன். அவ மாத்திரையப் போட்டு முழுங்கிட்டு, "இந்தப் பேச்ச மொத நாளே பேசியிருக்கலாமில்ல?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா.