தாங்கியின் கீழே ஒரு சின்னக் கதிரை

கிண்ணியாவில் வெல்டர் அஸாமிடம் வாசலுக்கு இரும்புக் கேற் செய்யச் சொன்னால், முதலில் அவர் உங்கள் கையில் ஒரு சுத்தியலைத் தருவார். அதே இரும்பில், அதே கம்பியால் ஒட்டிய ஒரு துண்டைத் தரையில் வைத்து, "அடிச்சுப் பாருங்க" என்பார். இரும்பு வளையலாம், ஒட்டு விடக் கூடாது. இந்தப் பழக்கம் வந்த கதையை அவரும், மனைவி ஸல்ஹாவும், முன்பள்ளி ஆதிலா டீச்சரும் சொன்னபடி எழுதுகிறேன்.

அஸாம் லொறி சாரதியாக இருந்தவர். டீசலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் முதலாளி லொறியை விற்றுவிட, நாற்பது வயதுக்குமேல் வெல்டிங் பழகினார். வாங்கியது காஸ் சிலிண்டர் தேவைப்படாத சிறிய மெஷின். அதன் கம்பிக்குள்ளேயே மருந்துத்தூள் இருக்கும். தூள் எரிந்து எழும் புகைதான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காப்பாற்றும். கச்சான் காற்று அடிக்கும் ஊரில் வெளியில் நின்று ஒட்ட அதுதான் தோது. வீடியோ பார்த்துப் பழகினார். கம்பியை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்து வந்தார். மேலே படியும் கசடைத் தட்டிச் சுத்தமாக்கினார். ஆனாலும் பொறி, தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலச் சிதறியது. புதிதாகப் பழகுபவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

முதல் பெரிய வேலை, பாலத்துக்கு அப்பால் வெள்ளைமணலில் ஒரு முன்பள்ளிக்குத் தண்ணீர்த் தாங்கி வைக்கும் இரும்பு ஸ்டாண்ட். ஆயிரம் லீற்றர் தாங்கி. பிள்ளைகள் கை கழுவும் குழாய்கள் அதன் கீழேயே. ஒரு பின்னேரம் ஸ்டாண்டை நிறுத்தி, வெறும் தாங்கியை ஏற்றி வைத்துவிட்டு வந்தார். காலையில் தண்ணீர் நிரப்புவதாக ஆதிலா டீச்சர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை குசினியில் தடால் என்று சத்தம். ஸ்டாண்டில் மிஞ்சிய இரும்பால் ஸல்ஹாவுக்கு அவர் செய்து கொடுத்த, சாமான் வைக்கும் சுவர்த் தட்டு, அரிசிப் பையோடு விழுந்து கிடந்தது.

"இஞ்ச பாருங்க," என்று உடைந்த துண்டோடு ஸல்ஹா வந்தார். "வெல்டிங் வெச்சீங்களா, மாப்பசை வெச்சீங்களா?"

அஸாம் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒட்டு முழுதாக, காய்ந்த பொருக்குப்போலக் கழன்றிருந்தது. கீழே இரும்பில் அவர் கிரைண்டரால் தேய்த்த கோடுகள்கூட அழியவில்லை. இரும்பு உருகவே இல்லை.

மெஷினின் பக்க மூடியைத் திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த படம், காஸ் இல்லாத கம்பிக்கு, டோர்ச் எனப்படும் ஒட்டும் கைபிடியின் வயர் கழித்தல் பக்கம் என்று காட்டியது. வயர் கூட்டல் பக்கத்தில் இருந்தது. கடையில் கொழுவித் தந்தபடியே பாவித்திருக்கிறார்; பொறி சிதறியதும் ஒட்டுப் பிடிக்காததும் அதனால்தான்.

"என்னங்க, முகம் வெளுத்துப் போச்சு?"

"முன்பள்ளி," என்றார்.

டீச்சருக்குப் போன் அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை. வகுப்பு நேரம் டீச்சர்மார் போனை அலுமாரியில் வைத்துவிடுவார்கள். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பாலத்தில் பக்கக்காற்று ஆளைத் தள்ளியது. வேகத்தைக் குறைக்கவில்லை. எதிரே ஒரு அம்புலன்ஸ் வந்தது. உள்ளே யார் என்று பார்க்கத் தலையைத் திருப்பியவர், கைபிடிச் சுவரில் மோதப் போனார்.

முன்பள்ளி வாசலில் இறங்கியதும் கேட்டது மோட்டார் சத்தம். தாங்கிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே பிள்ளைகள் புதுக் குழாய்களைத் திறந்து ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டாண்டின் ஒரு காலில் 'டிக்' என்று ஒலி எழுந்தது. கத்தினால் பிள்ளைகள் கலைந்து ஓடி ஸ்டாண்டில் மோதுவார்கள் என்று பயந்தார்.

"டீச்சர்," என்று, பிள்ளைகளோடு நின்ற ஆதிலாவிடம் மெல்லச் சொன்னார். "சிரிச்சிக்கொண்டு பிள்ளைகள உள்ளுக்குக் கூட்டிப் போங்க. மோட்டர நிப்பாட்டுங்க. ஏனென்டு பிறகு கேளுங்க."

ஆதிலா அவர் முகத்தைப் பார்த்தார். "பிஸ்கட் வேணுமா? ஓடி வாங்க!" என்று கை தட்டினார். பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள், மோட்டாரும் நின்றது. நப்லா என்ற சிறுமி மட்டும் திரும்பி வந்தாள். குழாயடியில் அவளுடைய போத்தல். குனிந்து அதை எடுக்கும்போது மறுபடியும் 'டிக்'. அஸாம் தாங்கியின் கீழே நுழைந்து அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமா, என்ட போத்தல்!" என்று அவள் அவர் தோளில் அடித்தாள்.

திரும்பப் போய் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டவரும் அவர்தான். தண்ணீர் முழுவதும் வடியும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சுத்தியலால் குறுக்குச் சட்டத்தில் ஓங்கி அடித்தார். இரண்டாம் அடியில் சட்டம் கழன்று மணலில் விழுந்தது.

"நேத்துத்தானே பூட்டின, நானா?" என்று, அவரை அண்ணன் முறை சொல்லி அழைக்கும் ஆதிலா கேட்டார்.

"ஓம். நான்தான் செஞ்ச."

வயரை மாற்றிக் கொழுவி, எல்லா ஒட்டையும் வெட்டி, அஸாம் புதிதாகச் செய்தார். இப்போது பொறி சிதறவில்லை. மீன் பொரிவதுபோல ஒரே சீராகச் சத்தம் வந்தது. பெற்றோர் முன்னால் ஒவ்வொரு மூட்டிலும் அடித்துக் காட்டினார். தாங்கியை நிரப்பும் நாளில் வகுப்பிலிருந்து ஒரு சின்னக் கதிரையைத் தூக்கி வந்து, தாங்கியின் நேர் கீழே போட்டு உட்கார்ந்தார்.

"விசரா உங்களுக்கு?" என்று, கூட வந்திருந்த ஸல்ஹா வெளியே நின்று கத்தினார். அஸாம் எழும்பவில்லை. தலைக்குமேல் தண்ணீர் விழும் சத்தம் கனத்துக்கொண்டே போனது. கடைசியில் தாங்கி நிரம்பி வழிந்து அவர் தலையில் கொட்டியது. பிள்ளைகள் கூக்குரலிட்டுச் சிரித்தார்கள்.

"நிரம்பிட்டு நானா, எழும்பி வாங்க," என்றார் ஆதிலா.

"எழும்ப ஏலாம இருக்கு டீச்சர்," என்றார் அஸாம். "கால் ரெண்டும் நடுங்குது."