மூன்றாவது துளை

அந்தச் செப்டெம்பர் சனிக்கிழமையின் முடிவுத் தாளில், கடைசிச் சுற்றுக்கான கட்டத்தில், என் பெயருக்கு நேரே "மீண்டும் சுடப்பட்டது" என்று ஜெர்மன் மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. காரணம் இல்லை. அத்தகைய தாள்களில் காரணத்துக்கு இடம் விடுவதில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியே, பழைய கற்குழி ஒன்றில் போட்டி நடந்தது. இது ஒரே இடத்தில் நின்று சுடும் கைத்துப்பாக்கிப் போட்டி அல்ல. மரத்தடுப்புகளுக்கு இடையே ஓடி, இடைவெளிகளில் தெரியும் அட்டை இலக்குகள் ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டுகள் சுட வேண்டும்; எடுத்த நேரமும் மதிப்பெண்ணில் சேரும். எந்த இலக்கு எங்கிருந்து தெரியும், எங்கே குண்டுகள் அடைத்த மகசீனை மாற்றுவது என்பதையெல்லாம் முன்கூட்டியே மனதுக்குள் பலமுறை ஓடிப் பார்த்திருக்க வேண்டும். தொடங்கச் சொல்லும் பீப் ஒலி கேட்ட பிறகு யோசிக்க நேரமில்லை.

மாநிலப் போட்டிக்கு என் பிரிவில் ஓர் இடம் மீதமிருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கியே என் வலது மணிக்கட்டு தேய்ந்துபோயிருந்தது. இந்தப் பருவத்தோடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த இடத்தை அடைய எனக்கு இன்னொரு வருடம் இல்லை.

ஒருவர் சுட்டு முடித்ததும் குழுவில் உள்ள மற்றவர்கள் போய், இலக்குகளின் துளைகளைப் பழுப்பு நிற ஒட்டுத்தாளால் மூட வேண்டும். அடுத்துச் சுடப் போகிறவருக்கு மட்டும் அந்த வேலை இல்லை. அவர் தனியே நின்று மனதைத் தயார் செய்ய வேண்டும். எல்லாரும் குனிந்து வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வரவே வராது. கல்யாண வீட்டில் விருந்தாளியாகப் போனாலும் சமையல்கட்டைத் தேடிப் போகிறவர்கள் நாங்கள். இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான், என் முறை வரப் போகிறது என்று தெரிந்தும் ஒட்டப் போனேன். திரும்பி வந்து நின்றபோது மனதில் இருந்த வரைபடம் கலைந்திருந்தது. பீப் ஒலித்தது, ஓடினேன், இடது மூலையில் இருந்த ஓர் இலக்கைச் சுடாமலே முடித்தேன்.

எங்கள் குழுவில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர், என்னை இந்த விளையாட்டுக்குக் கூட்டி வந்த அண்ணை, என்னைத் தள்ளி அழைத்துப் போனார்.

"தங்கச்சி, இது கோயில் அன்னதானமில்லை, ஓடியோடிப் பரிமாற. அடுத்தது நீரெண்டால் சும்மா நில்லும்."

"எங்கட குழுவிலை அந்தக் கிழவர் எழுபது வயதிலை குனிஞ்சு ஒட்டுறார். நான் பாத்துக்கொண்டு நிக்கவோ?"

"ஓம், நிக்கத்தான் வேணும். உம்மட பங்கையும் நான் ஒட்டுறன். கண்ணை மூடிக்கொண்டு நில்லும்."

அதன் பிறகு நின்றேன். ஊரில் யுத்த காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுக்கப் பழகிய உடம்பு இது. அந்தச் சத்தத்துக்கு நடுவே நிற்கப் பழகியதே பெரிய பாடு. மற்றவர்கள் உழைக்கும்போது நிற்பது அதைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் பலன் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தரவரிசையில் சற்று மேலே வந்தேன்.

கடைசிச் சுற்றுக்கு முன் தூறல் விழுந்து அட்டைகள் நனைந்திருந்தன. நான் கண்களை மூடி நின்றேன். அண்ணை வலது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது அவர் இருமலில் தெரிந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை. பீப். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் அதில் இருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறைக்குள் வைத்தேன். என் ஓட்டங்களில் அதுவே சிறந்தது என்று அப்போதே தெரிந்தது.

நடுவர் இலக்குகளை எண்ணிக்கொண்டே போனார். வலது பக்கக் கடைசி அட்டையில் நின்றுவிட்டார். அதில் மூன்று துளைகள். நான் சுட்டது இரண்டு. மூன்றாவது எனக்கு முன் சுட்டவருடையது, அதன் மேல் ஒட்டுத்தாள் இல்லை. எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. அப்படியானால் அந்த ஓட்டம் செல்லாது, மீண்டும் சுட வேண்டும் என்பது விதி.

சிறிது நேரம் தந்தார்கள். மறுபடியும் கண்ணை மூடினேன். இந்த முறை எனக்குத் தெரிந்தது வரைபடம் அல்ல, சற்று முன் ஓடிய ஓட்டம். அதையே திரும்ப ஓட முயன்றேன். ஒவ்வொரு தடுப்பிலும் போன தடவை எப்படி இருந்தது என்று ஒரு கணம் தேடினேன். எல்லா இலக்கிலும் சுட்டேன், தவறில்லை. மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். மாநிலப் போட்டிக்கான அந்த இடம் எனக்கு ஒரு படி மேலே இருந்தவருக்குப் போனது.

காரில் திரும்பும் வழியில் அண்ணை வானொலியைப் போடவில்லை.

"நான் அதை ஒட்டினனான், தங்கச்சி."

"ஓம் அண்ணை."

"ஈர அட்டையிலை பிடிக்கேல்லையோ தெரியாது. ஆனா ஒட்டினனான். சத்தியம் பண்ணவோ?"

"வேண்டாம் அண்ணை. ரோட்டைப் பாத்து ஓடுங்கோ. அங்காலை வேகம் பிடிக்கிற கமராவும் இருக்கு."

அவர் வேகத்தைக் குறைத்தார். இன்றுவரை அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது, அடியில் ஓர் ஒட்டுத்தாள் மண்ணோடு ஒட்டியிருந்தது. போட்டியில் பயன்படுத்தியவை எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே அளவு. அது அந்தக் கடைசி அட்டையிலிருந்து உரிந்து விழுந்ததாகவும் இருக்கலாம், வேறு எந்த அட்டையிலிருந்தோ விழுந்ததாகவும் இருக்கலாம். அந்தத் துளை மூடப்பட்டிருந்ததா இல்லையா என்பது இதை எழுதும் இன்றும் உறுதியாகத் தெரியவில்லை.