‘இப்பத் தெரியுதா?’: அப்பாவின் டிவியோடு ஊர் சுற்றிய கதை

பழைய சாமானை விற்கிறவர்கள் உண்டு, வாங்குகிறவர்கள் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு போய் நாலு பேருக்குக் காட்டிவிட்டு, சாயங்காலம் பத்திரமாகத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவதே ஒருத்தியின் பிழைப்பு என்றால் நம்புவீர்களா? ஹைதராபாத்தில் அதுதான் என் பிழைப்பு. ஆபீஸ்களில் ‘ரெட்ரோ டே’, அபார்ட்மென்ட்களில் ‘நைன்டீஸ் நைட்’, யாருக்காவது ஐம்பதாவது பிறந்தநாள், எது நடந்தாலும் “மல்லிகா மேடத்தைக் கூப்பிடு” என்பார்கள். பம்பரம், கோலி, ட்ரம்ப் கார்டு, பட்டனை அமுக்கினால் தண்ணீருக்குள் வளையம் துள்ளும் விளையாட்டு, மரக்கதவு வைத்த ஒரு பழைய டிவி, எல்லாவற்றையும் யாதகிரியின் டிராலி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குவேன். கஸ்டமரோடு மல்லுக்கட்டி நொந்துபோன சக ஜீவன்களே, உங்களிடம் சாமான் சரியில்லை என்றுதானே சண்டைக்கு வருவார்கள்? என்னிடம் சாமான் சரியாக இருந்தால் சண்டைக்கு வருவார்கள்.

ரொம்பத் தெளிவு

முதல் வேலை மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். அந்த டிவி எங்கள் அப்பாவுடையது. அப்பா போனபிறகு வீட்டைக் காலி செய்தபோது அது என் பங்குக்கு வந்தது. கோட்டி பஜாரில் ஒரு ரிப்பேர்க்காரர் அதன் முதுகில் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். பென் டிரைவில் போட்டுவைத்த பழைய விளம்பரமும் ஞாயிற்றுக்கிழமைத் தொடரும் அதில் கண்ணாடி மாதிரி ஓடும். மரக்கதவுக்குப் பாலிஷ் போட்டேன். பம்பரங்களைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினேன். வந்தவர்கள் பார்த்தார்கள், “நைஸ்” என்றார்கள், சமோசா இருக்கிற பக்கம் போய்விட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. என்ன குறை என்று ஏற்பாடு செய்த பெண்ணிடமே கேட்டுவிட்டேன். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மேடம், படம் ரொம்பத் தெளிவா இருக்கு. எங்க வீட்டுல இப்படித் தெரிஞ்சதே இல்ல.”

அப்பாவை என்ன செய்தேன்

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. அடுத்த தடவையே வித்தையை மாற்றினேன். வாசலில் ஒரு கம்பத்தில் ஆன்டெனா நட்டேன். அதற்கும் டிவிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டிவிக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ரிமோட்டோடு நான். ஒரு பட்டனை அமுக்கினால் வெறும் புள்ளி, இன்னொன்றை அமுக்கினால் படம். வெளியே ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்புவார், உள்ளே இருப்பவர்கள் “தெரியல, இன்னும் கொஞ்சம்!” என்று கத்துவார்கள், நான் பார்த்துப் பார்த்து அமுக்குவேன். அடேயப்பா! சமோசா ஆறிப்போனது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு எடுத்த போட்டோவை யாரோ ஆன்லைனில் போட்டார்கள். டிவியின் தலையில் ஒருத்தர் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் காபிக் கோப்பை. அது என் தம்பி சேகர் கண்ணில் பட்டது. அவனும் மாதாப்பூரில்தான் வேலை பார்க்கிறான்.

சேகருக்கு அந்த டிவி என்றால் அப்பா. நாங்கள் குஷாய்குடா குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். எங்கள் பிளாக்கில் முதலில் டிவி வாங்கியது அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை விரியத் திறந்து வைத்துவிடுவார். தமிழ், தெலுங்கு, உருது என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கூடத்தில் வந்து நெருக்கியடித்து உட்காரும். அப்பா மட்டும் வாசலில் குனிந்து, சிதறிக் கிடக்கிற செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பார். “எதுக்குப்பா?” என்றால், “வெளிய வரும்போது புள்ளைங்க சண்டை போட்டுக்கக் கூடாதும்மா” என்பார்.

இதைத்தான் நான் சேகரிடம் போனில் சொன்னேன். “அப்பா ஊரையே கூப்பிட்டுக் காட்டின டிவிடா, நானும் அதைத்தானே செய்யறேன்?” என்று. அவன் கேட்கவில்லை. அப்பா தெரிந்த பிள்ளைகளுக்குக் காட்டினார், நீ கண்டவர்களுக்கும் காட்டுகிறாய் என்றான். எனக்கும் கோபம் வந்தது, நாக்கு சும்மா இருக்குமா? நானும் பதிலுக்குப் பதில் பேசினேன். அதற்குப் பிறகு தீபாவளிக்குக்கூட அவன் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இருப்பது ஒரே தம்பி. போனை வைக்கும் முன்னால் அவன் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: “அக்கா, அப்பாவ வாடகைக்கு விடாத.”

ஆளுக்கு ஒன்று

தம்பி வரவில்லை என்று தொழிலை விட முடியுமா? கையடக்கமான வீடியோ கேம் ஒன்று வருமே, மேலிருந்து கட்டைகள் இறங்க இறங்க அடுக்குவது, அதை எல்லாரும் கேட்டார்கள். ஒன்றுதான் இருந்தது. பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு பை நிறையச் சேர்த்தேன். பேட்டரி போட்டு, துடைத்து, ஒரு ஆபீஸில் மேஜை மேல் வரிசையாக வைத்தேன். வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள், ரெண்டு நிமிஷம் அமுக்கினார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கா, அலைந்த கால்வலி.

மத்தியானத்துக்குமேல் பேட்டரி தீர்ந்து ஒன்றொன்றாக அணைந்தது. கடைசியில் ஒரே ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அப்போது ஆரம்பித்தது பாருங்கள் கூத்து! “அடுத்தது நான்”, “செத்தா குடுத்துடணும்”, “கைக்கு ரே, மறுபடி எதுக்கு நீ, இப்பதானே ஆடினே?” என்று பெரிய பெரிய மேனேஜரெல்லாம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐயோ பாவம் என்று நான் புது பேட்டரிகளோடு ஓடினேன். தலை நரைத்த ஒருத்தர் என் கையைத் தடுத்துவிட்டார்: “நக்கோ, வேணாம் மேடம், ஆளுக்கு ஒண்ணு குடுத்தா அது ஆபீஸ் லேப்டாப்.”

காஞ்சன்பாக்கில் ஒரு விஞ்ஞானி

ஒரு ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் காஞ்சன்பாக் போனேன். பிறந்தநாள்காரர் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய விஞ்ஞானி. என்ன வேலை என்று கேட்கக் கூடாதாம், கேட்கவில்லை. மனிதர் ஆன்டெனாவைப் பார்த்ததும் கேக்கை மறந்துவிட்டார். பட்டுச் சட்டையோடு தோட்டத்தில் நின்று திருப்புகிறார், திருப்புகிறார். அவருக்காகவே நான் படத்தைக் காட்டாமல் இழுத்தடித்தேன். நடுவில் திரைக்குப் பின்னால் தலையை நீட்டி, “அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொடர்ல கடைசி சீன் ஞாபகம் இருக்கா மேடம்?” என்றார். எல்லாக் கஸ்டமரும் கேட்பதுதான். “மறக்க முடியுமா சார்!” என்று வழக்கம்போலத் தலையாட்டினேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன? நான் அதில் ஒரு சீன்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. வீட்டில் மூத்தவள், உயரமானவள் என்று ஆன்டெனா என் பொறுப்பு. எங்கள் ஆன்டெனாவுக்கு ஒரு கெட்ட குணம். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் படம் போய்விடும். அதனால் தொடர் முடியும் வரைக்கும் மொட்டைமாடி வெயிலில் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். “இப்பத் தெரியுதா?” என்று நான் மேலிருந்து கத்துவேன். “தெரியல!”, “ஹவ் ஹவ், வருது, அப்படியே நில்லு!”, “ஐயோ, போச்சு!” என்று கீழேயிருந்து சத்தம் வரும். எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்துவைப்பேன். எனக்கு டிவி என்றால் அந்தச் சத்தம்தான். மற்றவர்கள் கண்ணால் பார்த்ததை நான் காதால் கேட்டேன், அவ்வளவுதான். வருத்தமா என்றால், ஆமாம், வருத்தம்தான்.

விஞ்ஞானியின் மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். டிவியில் ஒன்றுமே வரவில்லையே, அப்பாவுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கு ஒரே குழப்பம். என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: “ஆன்ட்டி, டாடி எந்துக்கு அந்த்த ஹேப்பி? டிவிலோ ஏமீ ராவட்லேது கதா!”

வாசலில் செருப்பு

போன மாசம் பத்மா போன் செய்தாள். குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. எங்கள் கூடத்திலேயே தமிழ் கற்றுக்கொண்ட தெலுங்குப் பெண். அந்தக் காலத்துப் பிள்ளைகளெல்லாம் குஷாய்குடாவில் ஒரு ஹாலில் கூடுகிறோம், உங்கள் வீட்டு டிவி இல்லாமல் எப்படி என்றாள். சேகரும் வருகிறானாம். எனக்குப் பக்கென்றது. அத்தனை பேர் நடுவில் டிவியைப் பார்த்துவிட்டு அவன் திரும்பிப் போய்விட்டால்? இந்த வாசலும் மூடிவிடும். வரமாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். வாய் சரி என்றுவிட்டது.

டிவியின் மரக்கதவைத் திறந்ததும் யாரும் சொல்லாமலே எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். உட்காரும்போது முட்டிகள் படபடவென்று நெட்டி முறிந்ததில் ஒரே சிரிப்பு. நான் என் திரைக்குப் பின்னால் ஒடுங்கினேன். வெளியே பத்மா ஆன்டெனாவைப் பிடித்தாள். உள்ளே கத்தல் ஆரம்பித்தது. திரை இடுக்கில் எனக்கு வாசல் மட்டும் தெரியும். சேகர் வந்தான். டிவியைப் பார்த்தான். முகம் இறுகியது. போச்சுடா, திரும்பிவிட்டான்.

திரும்பியவன் போகவில்லை. வாசலிலேயே குனிந்தான். என்னடா செய்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். அப்பா வைப்பது போலவே, சுவரோரமாக, வெளியே போகிற திசையைப் பார்த்து. நான் பட்டன் அமுக்க மறந்தேன். உள்ளே “ஐயோ, போச்சு!” என்று கத்தித் தீர்த்தார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நேராகத் திரைக்குப் பின்னால் வந்தான். தாளிக்கிற புகையில் நின்றவள் மாதிரி நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

“இங்க என்னக்கா பண்றே?”

“பாத்தா தெரியல? படம் வரவெக்கறேன்.”

“அப்ப நீ எப்படிப் பாப்பே?”

“நான் என்னைக்குடா பாத்தேன்? மாடியில கம்பியப் புடிச்சினு நின்னவ நான். கைய எடுத்தா நீங்கல்லாம் கத்துவீங்க.”

“ஒரு நாள்கூடவா?”

“ஒரு நாள்கூட இல்ல.”

முன்வரிசையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தவன் அவன். மேலே யார் நிற்கிறார்கள் என்று அவனுக்கு என்றைக்கும் தோன்றியதில்லை, எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை. கையை நீட்டினான். “ரிமோட்டக் குடு. நீ போய் முன்னாடி உக்காரு. இன்னிக்கு மாடியில நான்.”

போய் உட்கார்ந்தேன். பத்மாவின் அண்ணன் நகர்ந்து இடம்விட்டான். புள்ளி புள்ளியாக வந்தது, அப்புறம் சட்டென்று படம் ஆடாமல் நின்றது. அப்பாவின் டிவியில், முன்வரிசையில் உட்கார்ந்து, என் வாழ்நாளில் முதல்தடவை படம் பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து தம்பி கத்தினான்: “அக்கா, இப்பத் தெரியுதா?”

பளிச்சென்று தெரிந்தது. “தெரியலடா! இன்னும் கொஞ்சம் திருப்பு!” என்று கத்தினேன்.

சாயங்காலம் யாதகிரியின் டிராலியில் பின்னால் ஏறி, சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் டிவியை இரண்டு கையாலும் பிடித்தபடி, சேகர் எங்கள் வீடு வரைக்கும் வந்தான், வாசலில் கிடந்த என் செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டு, “இத எங்க வெக்கறதுக்கா?” என்றான்.

ஆக, பழைய காலத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாம் படம் பார்க்க வேண்டுமென்றால் நமக்காக மாடியில் ஒருத்தர் நிற்க வேண்டும், அவர் கீழே இறங்கிப் போய்விடாமல் இருக்கக் கொஞ்சம் பொய்யும் சொல்ல வேண்டும்.