விரலின் மேல் இரண்டு கோட்டிங்

இந்த ஊரில் பெயிண்டர் 'ரெண்டு கோட்டிங்' பெயிண்ட் அடிக்காத சுவரே கிடையாது. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, சிறைச்சாலையின் உள்பக்கம் வெளிப்பக்கம், எல்லாம் அவர் கை பட்டவைதான். சரி, இது கொஞ்சம் ஏற்றிச் சொன்னது. சிறைச்சாலைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. நான்கு தெருக்கள், ஒரு பள்ளிக்கூடம், அதுவும் மாடிப்படி வரைக்கும். ஆனால் வீட்டுக்காரர் "ஒண்ணு போதுமே" என்று எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டு கோட்டிங் அடிக்காமல் அவர் ஏணியை மடக்கியதில்லை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடியில் எங்கோ கிடக்கிறது.

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் விரல்களில் பெயிண்ட் இல்லாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. மனைவி மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்தேய் என்று தேய்ப்பாள். நகக்கண்ணில் கொஞ்சம் மிஞ்சும். கல்யாணப் படத்திலேயே பாருங்கள், மாப்பிள்ளையின் விரல் நுனிகள் பச்சை.

அந்த மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. முழங்கால் ஏணிக்கு ஒத்துழைக்காததால் வேலையும் நின்றுபோனது. பொழுது போகாமல் ஒரே வருஷத்தில் படுக்கையறைக்கு நான்கு முறை பெயிண்ட் அடித்தார். அறை நாலு பக்கமும் ஒரு விரற்கடை சுருங்கிவிட்டதென்று மேல்வீட்டுக்காரர் இன்றைக்கும் சாதிக்கிறார். "கதவு மூடுகிறது" என்று லிஃப்டில் ஒரு பெண்குரல் சொல்லும். அதற்கு "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வரும் பேச்சே அவ்வளவுதான்.

அலமாரியைத் துடைத்தபோதுதான் அந்தப் பழைய கேமரா கிடைத்தது. உள்ளே பாதியில் சிக்கிக்கொண்ட ஒரு ஃபிலிம் ரோல். "கழுவக் குடுங்க, கழுவக் குடுங்க" என்று மனைவி வருஷக்கணக்காகச் சொல்லி, சலித்து, விட்டுவிட்டிருந்தாள். இப்போது கொடுத்தார். பதினோரு படங்கள் புகைமூட்டமாக வந்தன. ஒன்றுதான் தேறியது.

அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் எடுத்தது. பின்னால் ஈரம் காயாத நீலச் சுவர். மனைவி தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளுடைய மற்ற படங்களில் எல்லாம் பல்வலிக்காரி மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டிருப்பாள். இதில்தான் சிரிப்பு. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறாளோ அந்தப் பக்கம் முழுக்க, படத்தில் பாதியை, மங்கலான ஒரு விரல் மறைத்திருந்தது.

எதைப் பார்த்து அப்படிச் சிரித்தாள்? அவருக்கு ஞாபகமில்லை. கேமரா அவருடையது, யாரையும் தொட விடமாட்டார். ஆகவே விரலும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். தன் சுட்டுவிரலை உயர்த்திப் பிடித்து, "உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று திட்டினார்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமை மதியங்களில் கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கு உதவ ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் எல்லோருக்கும் கண்ணாடி மேடம். இவர் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, மேடம் அதை ஸ்கேன் செய்து திரையில் திறந்து வைத்தார்.

"மேடம், இந்த விரலை எடுத்துட்டு, பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும்."

"முதல்ல மவுஸைக் கொஞ்சம் லூசா விடுங்க ஐயா. ஏணியைப் பிடிக்கிற மாதிரி புடிச்சிருக்கீங்க."

முதல் பாடம், படத்தைப் பெரிதாக்குவது. அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். முகம் கரைந்து வெறும் கட்டம் கட்டமாக நின்றது.

"மேடம், இவளைக் காணோம்."

"அங்கேயேதான் இருக்காங்க. நீங்க ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க. கொஞ்சம் பின்னாடி வாங்க."

நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடி மேடம் சிரிக்காமல், எந்தப் பொத்தானென்று காட்டினார்.

மூன்றாவது சனிக்கிழமை கண்ணாடி மேடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "ஐயா, சுவரா இருந்தா பெயிண்டைச் சுரண்டினா பழைய கலர் தெரியும். இங்க அப்படி இல்ல. விரலுக்குப் பின்னாடி எதுவுமே பதியல. இந்தப் படத்துல விரல்தான் சுவரு."

அவர் நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப மேல பூசலாமா?"

"பூசலாம். ஆனா புதுசா ஒரு லேயர் போட்டுக்குங்க. கண்ணாடித்தாள் விரிச்சு அது மேல பூசற மாதிரி. அடியில இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா? அப்படியொரு பெயிண்டு இருந்திருந்தா என் தொழில் என்னத்துக்கு ஆகியிருக்கும்."

அதற்கப்புறம் வேலை அவருடையது. ஈர நீலமும் காய்ந்த நீலமும் எங்கே பிரிகின்றன என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் எவ்வளவு வெளுக்கும் என்றும் தெரியும். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து விரலை மூடினார். "முடிஞ்சுதே ஐயா" என்ற மேடத்திடம், "ஒரு கோட்டிங்தான் ஆயிருக்கு" என்று சொல்லி, அதன் மேல் இன்னொரு லேயரைப் போட்டார்.

"இங்க விரல் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் மேடம்.

அவர் கொஞ்சம் பின்னால் வந்து பார்த்தார். சுவர் அருமையாக வந்திருந்தது. அவர் வாழ்நாளிலேயே நல்ல சுவர் அதுதான். ஆனால் மனைவி இப்போது வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர் பேசுவதும் சுவரோடுதான். அவளுக்கும் அதே கதி வந்துவிட்டதே என்றிருந்தது.

அன்று சாயங்காலம் மச்சினிக்கு போன் செய்தார். மனைவியின் தங்கை, ஊரின் மறுகோடியில் தபால் பிரிக்கும் வேலை. குடிவந்த அந்த வாரம் ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்தவள். அக்கா எதற்குச் சிரித்தாள் என்று அவளுக்காவது தெரிந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா அக்கா ஏன் சுவரைப் பாத்துச் சிரிக்கிறா? பயமா இருக்கு."

"அதைக் கேக்கத்தான் உன்னை வரச் சொன்னேன்."

"மொதல்ல எப்படி இருந்துச்சு?"

ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் இருக்கும்; அதை அமுக்கினால் லேயர் மறைந்துவிடும். கண்ணாடி மேடம் ஒரு கண்ணை அமுக்கினார். ஒரு கோட்டிங் போயிற்று. இன்னொன்றை அமுக்கினார். விரல் திரும்பி வந்து பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"என் விரல்தாம்மா. புடிக்கத் தெரியாம புடிச்சுத் தொலைச்சுட்டேன்."

மச்சினி குனிந்தாள். "மேடம், அந்த விரலைக் கொஞ்சம் பெரிசாக்குங்களேன்."

பெரிதாயிற்று. மங்கலாக இருந்தாலும், நகம் வரைக்கும் ஒரே ரோஜா நிறம்.

"மாமா, உங்க விரல் என்னிக்கு இவ்வளவு சுத்தமா இருந்திருக்கு?"

அவர் தன் கையைப் பார்த்தார். வேலையை விட்டும் நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"அன்னிக்கு ஒரே ஒரு படம் எடுத்துக்கறேன்னு கேமராவை உங்க கையிலேர்ந்து பிடுங்கினது நான்" என்றாள் மச்சினி. "நீங்க ஏணியிலேர்ந்து இறங்கி, மீசையில பாதி நீலத்தோட அக்கா பக்கத்துல வந்து நின்னீங்க. இது என் விரல் மாமா. இதுக்குப் பின்னாடி நிக்கிறது நீங்க."